கிழக்கு ஆப்பிரிக்கச் சஃபாரி: கிளம்புவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

கென்யா, தான்சானியா பக்கம் மூன்று முறையும் உகாண்டாவுக்கு ஒரு முறையும் போய்வந்தேன். அதிலிருந்து உறவினர்களும் நண்பர்களின் நண்பர்களும் போன் செய்து விசாரிக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால், சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். ‘சஃபாரி’ என்றால் சுவாஹிலியில் பயணம், அவ்வளவுதான். பக்கத்து ஊருக்குப் பஸ்ஸில் போவதும் அங்கே சஃபாரிதான்.

மசாய் மாராவும் செரெங்கெட்டியும் ஒன்றா, வேறா?

நிலம் ஒன்று, நாடு இரண்டு. தெற்கே தான்சானியாவில் இருப்பது செரெங்கெட்டி தேசியப் பூங்கா, 14,763 சதுர கிலோமீட்டர். அதன் வடக்கு விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் கென்யப் பகுதி மசாய் மாரா, சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். நடுவில் வேலி கிடையாது, எல்லைக் கற்கள் மட்டும்தான். விலங்குகள் இஷ்டம்போல் போய்வரும். நாம் அப்படித் தாண்ட முடியாது. இசெபானியா போன்ற சோதனைச் சாவடி வரை சுற்றிப் போய், முத்திரை வாங்கி, மறுபடி உள்ளே வர வேண்டும். ‘இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா’ என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

நான்கைந்து நாள்தான் லீவு என்றால் மாரா. பத்து நாள் கையில் இருந்தால் செரெங்கெட்டி. சின்ன இடத்தில் நிறைய விலங்குகள் இருப்பதால் மாராவில் அலைச்சல் குறைவு, வண்டிக் கூட்டம் அதிகம். கட்டணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 2024-லிருந்து வெளிநாட்டவருக்கு மாராவில் ஒரு நாளைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர்.

விலங்குகள் மாரா ஆற்றைத் தாண்டுவதை எந்தத் தேதியில் பார்க்கலாம்?

தேதி சொல்ல யாராலும் முடியாது. சொல்கிற ஏஜென்டை நம்பாதீர்கள். மாதம் வேண்டுமானால் சொல்லலாம்.

சுமார் 13 லட்சம் வைல்டபீஸ்ட்கள் (மாடு மாதிரித் தலையுள்ள பெரிய மான்கள்), அவற்றோடு ஏறக்குறைய 2 லட்சம் வரிக்குதிரைகள், அப்புறம் கெசல் மான்கள். இவை ஆண்டு முழுக்கக் கடிகாரமுள் போகிற திசையில் ஒரு பெரிய வட்டம் அடிக்கின்றன. ஜனவரியிலிருந்து மார்ச் வரை தெற்கே, ந்டுட்டு ஏரியைச் சுற்றியுள்ள குட்டைப்புல் சமவெளியில். ஏப்ரல், மே மாதங்களில் மழையோடு வடமேற்காக நகர்ந்து, ஜூன் வாக்கில் க்ருமேட்டி ஆற்றுப் பக்கம். ஜூலைக் கடைசியிலிருந்து அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றின் இரு கரைகளிலும். நவம்பரில் மழை விழுந்ததும் மறுபடி தெற்கே.

மாரா ஆற்றை ஒரே தடவையில் தாண்டி முடித்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. இன்று இந்தக் கரை, நாளை மறுநாள் அந்தக் கரை, மழை எந்தப் பக்கம் பெய்ததோ அந்தப் பக்கம். ஒரே மந்தை ஒரு பருவத்தில் பல முறை போய்வரும். நான் ஒரு செப்டம்பரில் கரையில் நான்கு மணி நேரம் காத்திருந்தேன். ஆயிரக்கணக்கில் கூடி நின்றவை, முன்னால் நின்ற ஒரு வரிக்குதிரை தண்ணீரில் கால் வைத்துவிட்டுப் பின்வாங்கியதும், கூண்டோடு திரும்பிப் போய்ப் புல் மேய ஆரம்பித்தன. மறுநாள் நாங்கள் வேறு பக்கம் போயிருந்தபோது தாண்டியதாம்.

இவ்வளவு ஆபத்து இருந்தும் அவை ஏன் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. ஒரே சொல்லில் பதில் சொன்னால், புல்.

தெற்குச் சமவெளி எரிமலைச் சாம்பல் படிந்த மண். ங்கோரோங்கோரோ மலைத்தொடரும், இன்றும் உயிரோடிருக்கும் ஒல் டோய்ன்யோ லெங்காய் எரிமலையும் காலங்காலமாக உமிழ்ந்த சாம்பல் அது. அதற்குக் கீழே சுண்ணாம்புப் பாறைபோல் இறுகிய ஓர் அடுக்கு. மரத்தின் வேர் அதைத் துளைத்துப் போக முடியாது, அதனால் அந்தப் பகுதியில் மரமே இல்லை. குட்டையான புல் மட்டும் முளைக்கிறது. ஆனால் அதில் கால்சியமும் பாஸ்பரஸும் நிறைய. பால் கொடுக்கும் தாய்க்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. மழை நின்றால் அந்தச் சமவெளியில் குடிக்கக்கூடத் தண்ணீர் இருக்காது. வடக்கே எப்போதும் தண்ணீர் உண்டு, புல்லும் உயரம், ஆனால் சத்து குறைவு. ஆகவே நல்ல சாப்பாடு ஓரிடம், நிச்சயமான தண்ணீர் வேறிடம். நடந்துதான் ஆக வேண்டும்.

அந்தப் புல்லைப் பங்கிட்டுக்கொள்வதும் வரிசைப்படிதான். வரிக்குதிரை உயரமான முரட்டுப் புல்லை முதலில் தின்கிறது. அடுத்து வரும் வைல்டபீஸ்ட் நடுப்பகுதியை. கடைசியில் கெசல் மான் தரையோடு துளிர்ப்பதை.

இன்னொரு செய்தியும் இதில் இருக்கிறது. இந்தப் பெருங்கூட்டம் பழங்காலத்திலிருந்து குறையாமல் வந்ததல்ல. 1890-களில் ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய் வந்து கால்நடைகளையும் காட்டு விலங்குகளையும் ஒன்றாக வாரிக்கொண்டு போனது. 1960-களின் தொடக்கத்தில்கூடச் செரெங்கெட்டியில் இருந்த வைல்டபீஸ்ட் சுமார் இரண்டரை லட்சம்தான். சுற்றியுள்ள ஊர்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்போட, காட்டிலும் நோய் அடங்கியது. 1970-களின் இறுதிக்குள் எண்ணிக்கை 13 லட்சத்தைத் தொட்டுவிட்டது. ஊசி போட்டது பசுவுக்கு, பிழைத்தது காட்டு மந்தை. அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-இல் அறிவித்தார்கள்.

முதலைகள்தான் நிறையத் தின்று தீர்க்கின்றனவா?

வீடியோவில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நிஜத்தில் மாரா ஆற்றில் ஆண்டுக்குச் சராசரியாக 6,000-க்கு மேல் வைல்டபீஸ்ட்கள் மூழ்கியே சாகின்றன. செங்குத்தான கரை, பின்னாலிருந்து தள்ளுமுள்ளு, திடீர் வெள்ளம். அந்த உடல்களில் முதலை தின்பது மிகச் சிறிய பங்கு. அதைவிட அதிகம் பிணந்தின்னிக் கழுகுகளுக்கும் பெருநாரைகளுக்கும் போகிறது. மற்றது மீனுக்கும் நீரில் கரைந்து பாசிக்கும். எலும்புகள் மட்டும் ஆற்றடியில் கிடந்து ஏழு ஆண்டுகள் வரை மெல்லப் பாஸ்பரஸை விட்டுக்கொண்டிருக்கும். அந்த ஆறு கடைசியில் விக்டோரியா ஏரியில் போய்ச் சேருகிறது.

‘பிக் ஃபைவ்’ என்றால் என்ன? ஐந்தையும் பார்க்காவிட்டால் பணம் வீணா?

சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், ஆப்பிரிக்க எருமை. கால்நடையாகப் போய்ச் சுடுவதற்கு மிக ஆபத்தானவை என்று பழைய வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல் இது. அழகுக்கான பட்டியல் அல்ல. கென்யாவில் 1977-லிருந்து வேட்டைக்குத் தடை, ஆனால் பட்டியல் மட்டும் விளம்பரத்தில் பிழைத்திருக்கிறது. ஒட்டகச்சிவிங்கிக்கும் சிவிங்கிப்புலிக்கும் இடமில்லாத பட்டியலை நான் மதிப்பதில்லை.

சிவிங்கிப்புலி என்றதும் ஞாபகம் வருகிறது. நம்மவர்கள் அதையும் சிறுத்தையையும் கலந்துவிடுகிறார்கள். சிறுத்தை கட்டுமஸ்தான உடம்பு, பூப்போன்ற வளையப் புள்ளிகள், பகலில் மரக்கிளையில் தொங்கும் வால். சிவிங்கிப்புலி ஒல்லி, புள்ளிகள் வெறும் கறுப்புப் பொட்டுகள், கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. கரையான் புற்றின் மேல் ஏறி நின்று சமவெளியை நோட்டம் விடும். அந்தச் சிவிங்கியையும் ஒட்டகத்தையும் சேர்த்துத்தான் ‘ஒட்டகச்சிவிங்கி’ என்று பெயர் வைத்திருக்கிறோம். சுவாஹிலியில் வரிக்குதிரைக்குப் ‘புண்டா மிலியா’ என்று பெயர், அதாவது வரிக்கழுதை. நாம் குதிரை என்கிறோம், அவர்கள் கழுதை என்கிறார்கள்.

புலி உண்டா?

இல்லை. ஆப்பிரிக்காவில் எங்கும் காட்டுப் புலி கிடையாது.

ங்கோரோங்கோரோவை ‘கிண்ணம்’ என்கிறார்களே, ஏன்?

ஒரு மாபெரும் எரிமலை உள்வாங்கிச் சரிந்ததால் உண்டான பள்ளம் அது. அடித்தளம் சுமார் 260 சதுர கிலோமீட்டர், சுற்றுச்சுவர் ஏறக்குறைய 600 மீட்டர் உயரம். விடியற்காலையில் விளிம்பில் நின்றால் கீழே மேகம்தான் தெரியும். குளிர் எலும்பைத் துளைக்கும். விளிம்பே 2,200 மீட்டருக்கு மேல், ஊட்டி உயரம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில்தானே என்று அரைக்கை சட்டையோடு போய் நடுங்கியவர்களில் நானும் ஒருவன்.

இறங்கினால், உவர் ஏரி, சதுப்பு, சின்னக் காடு, புல்வெளி எல்லாம் ஒரே பார்வையில். கறுப்புக் காண்டாமிருகத்தைத் தான்சானியாவில் பார்க்க இதுதான் நல்ல இடம், தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தாலும் சரி. ஒட்டகச்சிவிங்கி மட்டும் கீழே கிடையாது. அந்தச் செங்குத்துச் சரிவில் அது இறங்குவதில்லை, அது விரும்பும் மரங்களும் அங்கே குறைவு. யானைகளும் பெரும்பாலும் தனித்துத் திரியும் ஆண்கள்தான்.

கழுதைப்புலியை மற்றவர்களின் இரையைத் திருடுகிற விலங்கு என்றே நினைத்து வளர்ந்திருப்போம். இங்கே வந்து பாருங்கள். கழுதைப்புலிகள் கூட்டமாக ஓடி வேட்டையாடும், சிங்கங்கள் வந்து பிடுங்கிக்கொள்ளும்.

திருட்டு என்றதும் இன்னொன்று. நீர்யானைக் குளத்தருகே மதியச் சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்துவார்கள். வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். நான் வெளியே நின்று சப்பாத்தியைச் சுருட்டி வாயருகே கொண்டுபோனேன், மேலிருந்து ஒரு பருந்து இறங்கி விரலோடு கீறி எடுத்துக்கொண்டு போய்விட்டது. நம் ஊர் கள்ளப்பருந்தின் நெருங்கிய சொந்தம்.

கிளிமஞ்சாரோ பின்னணியில் யானைகள் நிற்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சி எங்கே?

கென்யாவின் அம்போசெலியில். மலை (5,895 மீட்டர்) இருப்பது தான்சானியாவில், நல்ல காட்சி கிடைப்பது கென்யாவிலிருந்து. இதைப் பற்றி இரு நாட்டு வழிகாட்டிகளும் கிண்டலடித்துக்கொள்வார்கள். மலை தெரிவது பெரும்பாலும் விடிந்து ஓரிரு மணி நேரமும் சாயங்காலமும்தான், மற்ற நேரம் மேகம் மூடிக்கொள்ளும். ஒரே ஒரு இரவு தங்கிவிட்டு ‘மலையே இல்லை’ என்று திரும்பியவர்கள் உண்டு. குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். உச்சியில் பனி 1912-இல் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட இப்போது இல்லை. பழைய படத்தில் பார்த்த வெள்ளைத் தொப்பியை எதிர்பார்க்காதீர்கள்.

அம்போசெலி வெறும் 392 சதுர கிலோமீட்டர், பாதி தூசி. காற்றடித்தால் சுழற்காற்றுத் தூண்கள் எழும். அந்தத் தூசிக்கு நடுவே பச்சைப் பசேலென்று சதுப்பு. இங்கே மழை குறைவு, தண்ணீர் எங்கிருந்து? கிளிமஞ்சாரோவின் சரிவுகளில் பெய்யும் மழை எரிமலைப் பாறைக்குள் இறங்கி, மண்ணுக்கடியில் பயணித்து, இங்கே ஊற்றாக வெளிவருகிறது. அதில் வயிறு நனைய யானைகள் நின்று கோரையைப் பிடுங்கித் தின்னும். முதுகில் உண்ணிக்கொக்குகள் சவாரி. 1972-லிருந்து இங்குள்ள யானைகளை ஒவ்வொன்றாகப் பெயர் வைத்துக் குடும்பம் குடும்பமாகக் கவனித்து வருகிறார்கள். சிந்தியா மாஸ் தொடங்கிய ஆய்வு அது. மந்தையை நடத்துவது மூத்த பெண் யானை. நம் ஊர் பெண் யானைக்கு வெளியே தெரிகிற தந்தம் கிடையாது, ஆப்பிரிக்காவில் ஆண் பெண் இரண்டுக்கும் உண்டு. அதனால் கொம்பைப் பார்த்து ‘ஆண்’ என்று முடிவு கட்டாதீர்கள்.

சாவோ சிங்கங்கள் ஆளைத் தின்றது உண்மையா?

உண்மை. 1898-இல் கென்யக் கடற்கரை நகரமான மொம்பாசாவிலிருந்து உள்நாட்டுக்கு ரயில் பாதை போட்டார்கள். சாவோ ஆற்றுப் பாலம் கட்டிய மாதங்களில் பிடரியில்லாத இரண்டு ஆண் சிங்கங்கள் இரவில் கூடாரங்களுக்குள் புகுந்து தொழிலாளர்களை இழுத்துப் போயின. அந்தப் பாதைக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் 30,000-க்கும் மேல், பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்தார். பலியான இந்தியர்கள் 28 பேர் என்பது அன்றைய கணக்கு. ஆப்பிரிக்கத் தொழிலாளர்களை யாரும் சரியாகக் கணக்கெடுக்கவில்லை. சிங்கங்களைச் சுட்ட பொறியாளர் பாட்டர்சன் பிற்பாடு 135 என்றார். 2009-இல் சிங்கங்களின் எலும்பையும் முடியையும் சோதித்துப் பார்த்தவர்கள் சுமார் 35 என்று மதிப்பிட்டார்கள். இரண்டும் இப்போது சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றுக்குப் பல்லில் கடுமையான சீழ் இருந்தது. எருமையைக் கடிக்க முடியாத வாய்க்கு மனிதன் சுலபமான இரை.

இன்று சாவோவுக்குப் போவது யானைக்காக. செம்மண்ணை வாரிப் பூசிக்கொண்டு செங்கல் நிறத்தில் நிற்கும். நைரோபி-மொம்பாசா ரயிலில் போனால் இருக்கையிலிருந்தே பார்க்கலாம்.

கென்யாவின் நகுரு ஏரி முழுக்க ரோஜா நிறப் பூநாரைகளாமே?

பழைய அஞ்சலட்டைப் படம் அது. உவர் நீரில் வளரும் ஸ்பைருலினா பாசிதான் சிறு பூநாரையின் உணவு. ஒரு பதினைந்து ஆண்டுகளாக ஏரி பெருகி, நீர் நீர்த்துப்போய், பாசி குறைந்துவிட்டது. பூநாரைகள் பெருமளவில் போகோரியா ஏரிக்குப் போய்விட்டன. நகுருவில் காண்டாமிருகம் நன்றாகத் தெரியும், அதற்காகப் போகலாம். குஞ்சு பொரிக்க மட்டும் பூநாரைகள் தான்சானியாவின் நேட்ரான் ஏரிக்குப் போகும். தோலை அரிக்கும் அந்தக் கார நீரைத் தாண்டி நரியோ கழுதைப்புலியோ கூட்டுக்கு வர முடியாது. கோடியக்கரையில் நாம் அதிகம் பார்ப்பது பெரிய பூநாரை, இது வேறு இனம்.

கொரில்லா பார்க்க இவ்வளவு செலவா?

ஆமாம். அனுமதிச் சீட்டு மட்டும் உகாண்டாவில் 800 டாலர், ருவாண்டாவில் 1,500 டாலர். ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு ஒரு நாளில் எட்டுப் பேர், ஒரே ஒரு மணி நேரம். 15 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. சளி, இருமல் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். நம் சளி கொரில்லாவைக் கொன்றுவிடலாம்.

உகாண்டாவின் ப்விண்டி காட்டில் ஏறி இறங்குவது லேசுப்பட்டதல்ல. எனக்கு மூன்று மணி நேரம் ஆனது, வழியெல்லாம் சேறும் முள்ளும். பெட்டி தூக்க உள்ளூர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள், வழுக்கும்போது கை கொடுப்பதும் அவர்தான். கடைசியில் பத்து மீட்டர் தூரத்தில் வெள்ளி முதுகு ஆண் ஒன்று மல்லாந்து படுத்துக் காட்டுச் செலரியை உரித்துத் தின்றுகொண்டிருந்தது, எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. உலகத்தில் மலைக் கொரில்லாக்கள் 1,000-க்குச் சற்று மேல்தான், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு இந்தக் காட்டில். 1980-களில் இதைவிட மிகக் குறைவு. அந்தச் சீட்டுப் பணம்தான் காவலர் சம்பளமும் ஊருக்கு வரும் பங்கும். எனக்கு வலித்தது, ஆனால் கசக்கவில்லை.

திறந்த வண்டியில் சிங்கம் பாயாதா?

வண்டியையும் உள்ளே இருப்பவர்களையும் அது ஒரே பெரிய பொருளாகத்தான் பார்க்கிறது. எழுந்து கையை வெளியே நீட்டினால், இறங்கினால் கதை வேறு. சிங்கத்தைவிட நான் பயந்தது நீர்யானைக்கு. இரவில் புல் மேய ஆற்றிலிருந்து ஏறி, தங்குமிடத்துக்கு நடுவே வரும். இருட்டிய பிறகு காவலர் இல்லாமல் கூடாரத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

அந்த நிலங்களில் மனிதர்கள் வாழவில்லையா?

வாழ்ந்தார்கள், வாழ்கிறார்கள். சுற்றுலாப் படங்களில் மட்டும்தான் அது ஆளில்லாத காடு. செரெங்கெட்டி என்ற பெயரே அங்கே மாடு மேய்க்கும் மாசாய் மக்களின் ‘சிரிங்கெட்’ என்ற சொல்லிலிருந்து வந்தது, நீண்டு போகும் நிலத்தைக் குறிப்பது. 1959-இல் செரெங்கெட்டியிலிருந்து மாசாய்களை வெளியேற்றி, ங்கோரோங்கோரோவில் கால்நடைகளோடு வாழலாம் என்றார்கள். இப்போது அங்கிருந்தும் தொலைவிலுள்ள ம்சொமெராவுக்கு அனுப்புகிறார்கள். 2022-இல் செரெங்கெட்டியை ஒட்டிய லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டருக்கு எல்லைக்கல் நட்டபோது பெரிய மோதல் நடந்தது. காட்டைக் காக்க இதுதான் வழி என்ற வாதம் எனக்கு ஏற்பில்லை. மாராவைச் சுற்றி வேறு ஏற்பாடு நடக்கிறது: மாசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தைச் சேர்த்து வனவிலங்குக்கு விட்டு, தங்குமிடக்காரர்களிடம் மாத வாடகை வாங்குகிறார்கள். மாடும் முறை வைத்து மேயும். குறை இல்லாமல் இல்லை, ஆனாலும் நான் தங்குவதென்றால் அந்த நிலங்களில்தான். வண்டிக் கூட்டமும் இல்லை.

ஊசி, துணி, பை?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம், கிளம்புவதற்குப் பத்து நாளைக்கு முன்பே. சான்றிதழ் இல்லாமல் இந்தியாவுக்குத் திரும்பினால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்துவார்கள். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். நீலமும் கறுப்பும் உடுத்தாதீர்கள், ட்செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும், ஜீன்ஸுக்கு மேலேயே. ராணுவ உடை மாதிரித் துணி உகாண்டாவில் சட்டவிரோதம். கென்யாவில் 2017-லிருந்து பிளாஸ்டிக் பை தடை, பெட்டிக்குள் சுற்றி வைத்த கவரையும் எடுத்துவிடுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கவலையே வேண்டாம். ரயில் பாதைக்கு வந்தவர்களும் குஜராத்தி வணிகர்களும் விட்டுப்போனது சப்பாத்தியும் சமோசாவும், பெயர்கூட அதிகம் மாறவில்லை. சோள மாவுக் களி உகாலி, கீரைப் பொரியல் சுகுமா விகி. கேழ்வரகுக் களி தின்றவர்களுக்கு உகாலி புதிதல்ல, சாம்பார் இல்லாதது ஒன்றுதான் குறை.

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் போக முடியும். எங்கே, எப்போது?

பிப்ரவரியில் ந்டுட்டு. ஆறு இல்லை, முதலை இல்லை, அதனால் கூட்டமும் செப்டம்பர் மாரா அளவுக்கு இல்லை. இரண்டு மூன்று வாரத்துக்குள் ஏறக்குறைய ஐந்து லட்சம் குட்டிகள் பிறக்கும். ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் விழுவதால் சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும். அங்கே பாதையை விட்டு விலகி ஓட்டவும் அனுமதி உண்டு. ஓட்டுநரிடம் இன்ஜினை அணைக்கச் சொல்லி, ஒரே தாயைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஈரத்தோடு விழுந்த குட்டி மூன்று தடவை சரிந்து, நாலாவது தடவை நாலு காலில் நிற்கும். அதற்கு ஐந்தாறு நிமிடம். அடுத்த சில நிமிடத்தில் தாயின் பின்னால் ஓடும். நாங்கள் பார்த்த குட்டி தாய் என்று நினைத்து முதலில் எங்கள் வண்டியின் பின்னால்தான் ஓடி வந்தது. ஓட்டுநர் அசையாமல் உட்கார்ந்திருந்தார், தாய் வந்து முகர்ந்து கூட்டிக்கொண்டு போகும் வரை.